பூட்டின் இரு கடமைகள்

கட்டடம் எழுப்புவோன் சுவரை வைக்கும்போதே வாயிலையும் விட்டு வைக்கிறான். சுவர் காவலுக்கு உரியது. வாயில் வழிக்கு உரியது. காவலும் வழியும் ஒன்றாகக் கூடும் இடம் கதவு. அக்கதவு எப்பொழுது காவலாக நிற்றல் வேண்டும், எப்பொழுது வழியாகத் திறத்தல் வேண்டும் என்பதை முடிவு செய்யும் சிறு கருவியே பூட்டு. உள்ளங்கையில் அடங்கும் இக்கருவியை நம்பியே வணிகர் தம் பொருளையும், அரசினர் தம் ஆவணங்களையும், தொழிலாளர் சில வேளைகளில் தம் உயிரையும் ஒப்படைக்கின்றனர். ஆதலின், பூட்டைத் தேர்ந்தெடுத்தல் என்பது கடைக்குச் சென்று கண்ணைக் கவரும் ஒன்றை வாங்கி வருதல் அன்று. முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்துச் செய்ய வேண்டிய செயலாகும்.

வீட்டுப் பூட்டு வேறு; தொழிலகத்துப் பூட்டு வேறு. வீட்டில் வாழ்வோர் சிலர். அவர்கள் ஒருவரை ஒருவர் நன்கு அறிந்தவர். தொழிலகத்திலோ நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் வருகின்றனர், போகின்றனர். அங்குள்ள பொருள் ஒருவருக்கே உரியதன்று. ஓர் அறையில் ஊதியப் பணம் இருக்கும். ஓர் அறையில் கணக்கேடுகள் இருக்கும். மற்றோர் அறையில் தீப்பற்றும் எண்ணெய்களும் நச்சுப் பொருள்களும் இருக்கும். வேறோர் அறையில் மக்களே நெருங்கியிருந்து வேலை செய்வர். இவ்வறைகள் அனைத்திற்கும் ஒரே வகைப் பூட்டுப் பொருந்தாது. எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு என்பதை அறிய வேண்டுமாயின், பூட்டுகள் வளர்ந்த வரலாற்றையும் அவை தோற்ற வரலாற்றையும் ஒருங்கே அறிதல் நலம்.

பூட்டு மிகப் பழைய கருவி. பண்டை எகிப்தியர் மரத்தாலேயே பூட்டுச் செய்தனர். கதவின் குறுக்கே ஒரு மரத்தாழ் ஓடும். அத்தாழில் சில துளைகள் இருக்கும். மேலிருந்து சிறு மர முளைகள் தம் எடையாலேயே அத்துளைகளில் விழுந்து, தாழை அசையவொட்டாமல் தடுக்கும். திறவுகோலோ ஒரு பெரிய மரத்துண்டு. அதன் நுனியில் முளைகளுக்கு நேராகப் பற்கள் நிற்கும். திறவுகோலை உள்ளே செலுத்தி மேலே தூக்கினால் பற்கள் முளைகளை உயர்த்தும், தாழ் விடுபடும். இத்தகைய பூட்டு ஒன்று, பண்டைய அசீரிய நாட்டுக் கோர்சாபாத் அரண்மனையின் இடிபாடுகளிலும் கண்டெடுக்கப்பட்டது. சில முளைகள் ஒரே நேரத்தில் சரியான உயரத்திற்கு எழுந்தாலன்றித் தாழ் நகராது என்னும் இந்த எளிய கருத்தே, பல நூற்றாண்டுகள் கழித்து மீண்டும் உயிர் பெற்று, இன்றைய பூட்டுகளில் பெரும்பான்மையானவற்றுக்கு அடிப்படையாயிற்று.

உரோமானியர் இரும்பாலும் வெண்கலத்தாலும் பூட்டுகள் செய்தனர். சிறிய திறவுகோல்களை மோதிரமாக விரலில் அணிந்து கொள்ளும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. அவர்கள் கையாண்ட மற்றொரு முறை தடைப்பூட்டு. பூட்டின் உள்ளே சில உலோகத் தடைகள் நிற்கும். அத்தடைகளில் இடியாமல் செல்லத் தக்க வெட்டுகள் உடைய திறவுகோலே சுழலும். ஐரோப்பாவில் நெடுங்காலம் இம்முறையே ஆட்சி செய்தது. வேலைப்பாடு மிக்க தடைப்பூட்டுகளைக் கண்டு மக்கள் வியந்தனர். ஆனால் கள்வர் வியக்கவில்லை. தடைகளைத் தொடாத அளவுக்கு மெலிதாக அராவிய ஒரே திறவுகோல் பல பூட்டுகளைத் திறந்துவிடும் என்பதை அவர்கள் விரைவில் கண்டுகொண்டனர். அழகுக்கும் காவலுக்கும் தொடர்பில்லை என்பது பூட்டின் வரலாறு கற்பிக்கும் முதற்பாடம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் தொழிற்சாலைகளும் பண்டசாலைகளும் பெருகின; அவற்றுடன் களவும் பெருகியது. 1778-ஆம் ஆண்டில் இராபர்ட் பாரன் என்பவர் லீவர் பூட்டைத் திருத்தி அமைத்தார். அதில் உள்ள தகடுகளைத் திறவுகோல் சரியான உயரத்திற்குத் தூக்க வேண்டும்; குறைவாகத் தூக்கினாலும் தாழ் நகராது; மிகையாகத் தூக்கினாலும் நகராது. 1784-இல் சோசப் பிராமா என்னும் பொறியறிஞர் முற்றிலும் புதிய பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் தம் பூட்டு ஒன்றை இலண்டன் மாநகரின் பிக்கடில்லி வீதியிலிருந்த தம் கடையின் சாளரத்தில் வைத்து, திறவுகோல் இன்றி அதனைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு அளிக்கப்படும் என எழுதி வைத்தார். ஆண்டுகள் பல கடந்தன. பரிசைப் பெற்றவர் ஒருவரும் இலர்.

இந்நிலையில் 1817-ஆம் ஆண்டு போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் ஒரு களவு நிகழ்ந்தது. அரசினர்க்கு உரிய அத்தளத்தின் பூட்டுகளைக் கள்வர் உடைக்கவில்லை. கள்ளத் திறவுகோல்களைக் கொண்டே திறந்தனர். தனக்குரிய திறவுகோலால் மட்டுமே திறக்கத் தக்க பூட்டு ஒன்றை ஆக்குவோருக்கு 100 பவுன் பரிசளிப்பதாக அரசினர் அறிவித்தனர். மறு ஆண்டிலேயே செரமியா சப் என்பவர் தம் பூட்டைக் கொணர்ந்தார். அதில் ஒரு புதுமை இருந்தது. வேற்றுத் திறவுகோலாலோ கம்பியாலோ எவரேனும் தகடுகளில் ஒன்றை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால், பூட்டு இறுகி நின்றுவிடும். பின்னர் உரியவர் தம் திறவுகோலைச் செலுத்தும்போது அது திறவாது. யாரோ கைவைத்துள்ளனர் என்பது உடனே வெளிப்படும். காவல் காப்பதோடு நில்லாமல், களவு முயற்சியைச் சான்றாக எடுத்துரைக்கும் பூட்டு அது. அப்போது சிறைக்கப்பலில் இருந்த கைதி ஒருவன் பூட்டுத் தொழில் வல்லவன். அவன் இதனைத் திறந்துவிட்டால் அவனுக்கு விடுதலையும் பரிசும் அளிக்கப்படும் என்றனர். அவன் இரண்டு மூன்று திங்கள் முயன்று பார்த்துத் தோல்வியை ஒப்புக்கொண்டான்.

வெல்ல முடியாத பூட்டுகள் இரண்டு தம் நாட்டில் உள்ளன என்று ஆங்கிலேயர் பெருமிதம் கொண்டிருந்தனர். 1851-ஆம் ஆண்டில் இலண்டனில் உலகப் பெரும் பொருட்காட்சி நடைபெற்றது. அமெரிக்க நாட்டுப் பூட்டுத் தொழிலர் ஆல்பிரடு சார்லசு ஆபுசு என்பவர் அங்கு வந்தார். சான்றோர் சிலர் முன்னிலையில், வெசுட்மின்சுடரில் இருந்த பாதுகாப்பு அறை ஒன்றின் கதவில் பொருத்தியிருந்த சப் பூட்டை அவர் 25 நிமிடங்களில் திறந்தார். பின்னர் அதற்கு யாதொரு தீங்கும் நேராமல் மீண்டும் பூட்டியும் காட்டினார். அடுத்து, பிராமாவின் கடைச் சாளரத்தில் இருந்த பூட்டை எடுத்துக்கொண்டார். பதினாறு நாட்களில் ஏறத்தாழ 51 மணி நேரம் உழைத்து அதனையும் திறந்தார். நெடுங்காலம் உரியவர் இன்றிக் கிடந்த 200 கினியும் அவருக்குச் சேர்ந்தது.

அவர் மந்திரம் எதுவும் செய்யவில்லை. தாழின்மேல் சிறிது அழுத்தம் கொடுத்துக்கொண்டே, எந்தத் தகடு மிகுதியாக உராய்கிறது என்று விரலால் உணர்ந்தார். அதனைச் சரியான உயரம் வரை மெல்லத் தூக்கினார். பின்னர் அடுத்த தகட்டை நாடினார். எத்துணைக் கூர்மையாகச் செய்தாலும் உலோகப் பகுதிகளிடையே மயிரிழை அளவு இடைவெளி இருக்கவே செய்யும். அவ்விடைவெளியே அவருக்கு வழிகாட்டிற்று. மலைபோல் தோன்றிய காவலை மயிரிழை வெளி வீழ்த்தியது.

இச்செய்தி பரவியதும் மக்களிடையே ஒரு வழக்கு எழுந்தது. பூட்டின் குறையை ஊரறியச் சொல்வது கள்வர்க்குப் பாடம் கற்பிப்பது ஆகாதோ என்று சிலர் குறை கூறினர். ஆபுசு அதற்கு விடையிறுத்தார். கள்வர் தம் தொழிலை நன்கு கற்றவர். குறையை அறியாதவர் பூட்டை வாங்கும் நல்லவரே. ஆதலின் மறைப்பதால் ஏமாறுவோர் நல்லவரேயன்றித் தீயவர் அல்லர் என்பது அவர் கருத்து. நிகழ்ச்சிகளும் அவர் கருத்தையே மெய்ப்பித்தன. தோல்வியால் துவண்டுவிடாத பூட்டுத் தொழிலர் தம் பூட்டுகளைத் திருத்தி முன்னினும் சிறந்தனவாக ஆக்கினர். குறையை மூடி வைப்பவன் குறையோடே வாழ்கிறான். குறையைக் கேட்டறிபவன் அதனைத் திருத்திக் கொள்கிறான்.

இதே காலத்தில் அமெரிக்காவில் யேல் குடும்பத்தினர் எகிப்தியரின் பழைய கருத்தைப் புதுக்கினர். தந்தையார் இலைனசு யேல் 1848-இல் முளைப்பூட்டு ஒன்றைச் செய்தார். அதே பெயருடைய மைந்தர் 1861-இலும் 1865-இலும் காப்புரிமை பெற்று அதனைச் செம்மைப்படுத்தினார். இன்று வீடுதோறும் காணப்படும் தட்டையான, ஓரத்தில் பற்கள் வெட்டிய சிறு திறவுகோல் அவரது ஆக்கமே. இப்பூட்டில் ஓர் உருளை மற்றோர் உறையினுள் சுழலும். இரண்டையும் ஊடுருவும் துளைகளில் முளைகள் நிற்கும். ஒவ்வொரு முளையும் மேல் கீழ் என இரு துண்டாக இருக்கும். சுருள்வில் அவற்றைக் கீழ்நோக்கி அழுத்தும். சரியான திறவுகோல் உள்ளே சென்றால், எல்லா முளைகளின் பிரிவுகளும் உருளையின் விளிம்பில் ஒரே கோட்டில் வந்து நிற்கும், உருளை சுழலும். ஒன்று பிசகினாலும் சுழலாது.

ஐந்து முளைகள் உள்ள பூட்டில் ஒவ்வொரு முளைக்கும் ஆறு உயரங்கள் கொள்ளலாம் என வைத்துக்கொண்டால், ஆறை ஐந்து முறை பெருக்க 7,776 வேறுபாடுகள் கிடைக்கும். ஆறு முளைகளாயின் 46,656 ஆகும். எண்ணிக்கை பெரிதே. எனினும் கள்வன் ஒவ்வொரு திறவுகோலாகச் செய்து பார்ப்பதில்லை. ஆபுசு செய்தது போலவே ஒவ்வொரு முளையாகத் தேடுகிறான். ஆகவே, எண்ணிக்கையைக் காட்டிலும் வேலையின் நேர்த்தியே பூட்டுக்குச் சிறப்புத் தருவது. நேர்த்தியான பூட்டும் திறக்க முடியாதது அன்று. திறப்பதற்கு நீண்ட நேரமும் அரிய திறமையும் வேண்டுவது. காவல் என்பது காலத்தை வாங்குவதே. கள்வன் ஐந்து நிமிடம் திண்டாடுவதற்குள் காவலாளர் வந்து சேர்வாராயின் பூட்டு தன் கடமையைச் செய்து முடித்தது என்றே கொள்ளலாம்.

நல்ல பூட்டு வாங்கியதனால் மட்டும் காவல் நிறைவதில்லை. பூட்டு வலியது, கதவு மெலியது என்றால் கள்வன் பூட்டைத் தொடவே மாட்டான். கதவின் பலகை உளுத்திருக்கலாம். நிலை விரிசல் கண்டிருக்கலாம். தாழ் சென்று பொருந்தும் தகட்டைச் சிறிய திருகாணிகள் இரண்டே தாங்கி நிற்கலாம். அத்தகைய கதவு ஓர் உதைக்கே திறந்துகொள்ளும். வெளிப்புறம் திறக்கும் கதவில் கீல்கள் வெளியே தெரியும். கீலின் அச்சைக் கழற்றிவிட்டால் பூட்டு பூட்டியபடியே இருக்கக் கதவு பெயர்ந்து வரும். சாய்ந்த நுனியுடைய சுருள்வில் தாழை ஒரு மெல்லிய அட்டையாலேயே சில இடங்களில் தள்ளிவிடலாம்; திறவுகோலாலோ கைப்பிடியாலோ திருகினாலன்றி அசையாத சதுரத் தாழை அவ்வாறு தள்ள இயலாது. அதனால் பொருள் வைக்கும் அறைக்குச் சதுரத் தாழே ஏற்றது. சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியின் வலிமையே. கதவின் வலிமையும் அத்தகையதே.

அடுத்துக் கருத வேண்டியது திறவுகோல். பூட்டு கதவிலேயே நிற்கிறது. திறவுகோலோ ஊரெல்லாம் திரிகிறது. வேலையை விட்டுச் சென்றவர் கையில் ஒன்று, பழுது பார்க்க வந்தவர் கையில் ஒன்று, தொலைந்து போனது ஒன்று எனத் திறவுகோல்கள் சிதறிய தொழிலகத்தில் விலையுயர்ந்த பூட்டால் பயன் என்ன? எந்தத் திறவுகோல் எவரிடம் உள்ளது என்பதற்கு ஓர் ஏடு வேண்டும்; கொடுத்த நாளும் திரும்பப் பெற்ற நாளும் அதில் குறிக்கப்பெறல் வேண்டும்; ஒன்று தொலைந்தால் பூட்டின் முளைகளை மாற்றியமைத்தல் வேண்டும். எல்லா அறைகளையும் திறக்கும் பொதுத் திறவுகோல் முறை மேலாளருக்கு வசதியானதே; ஆயினும் அவ்வசதிக்கு விலை உண்டு. 2003-ஆம் ஆண்டில் மேட் பிளேசு என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஓர் அறையின் திறவுகோலையும் சில வெற்றுத் திறவுகோல்களையும் வைத்துக்கொண்டே பல கட்டடங்களின் பொதுத் திறவுகோலை வடித்துவிடலாம் என்பதை விளக்கிக் கட்டுரை எழுதினார். 2008-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ ஆய்வாளர், தொலைவிலிருந்து எடுத்த நிழற்படத்தைக் கொண்டே திறவுகோலின் வெட்டுகளைக் கணிக்கலாம் எனக் காட்டினர். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து பெருமைக்கு அடையாளம் அன்று. கண்ணுக்குத் தெரியும்படி விரித்து வைத்த கடிதம் போன்றது.

திறவுகோல் உடையவருக்கே தீங்கு வருதலும் உண்டு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் கொள்ளையர் வங்கிப் பெட்டகத்தை உடைப்பதை விட்டு, அதனைத் திறக்க வல்ல காசாளரின் வீட்டிற்குச் சென்று, அவரையும் குடும்பத்தாரையும் அச்சுறுத்தித் திறக்கச் செய்தனர். பூட்டு வலுப்பட வலுப்பட மனிதன் இலக்காயினான். இதற்குச் சேம்சு சார்சென்ட் என்பவர் 1873-இல் ஒரு தீர்வு கண்டார். கடிகாரத்துடன் இணைந்த அவரது நேரப்பூட்டு, குறித்த வேளை வருமுன் எவர் முயன்றாலும் திறவாது. காசாளரே விரும்பினாலும் நள்ளிரவில் திறக்க இயலாது என்று அறிந்தபின், அவரைத் துன்புறுத்துவதால் பயனில்லை என்பதைக் கொள்ளையர் உணர்ந்தனர். பணத்தைக் காத்த பூட்டுகள் பல. பணத்தோடு பணியாளரையும் காத்தது இது.

இதுவரை கூறியன யாவும் பூட்டின் ஒரு கடமையைப் பற்றியன. வெளியே உள்ள தீயவனைத் தடுத்தல் அக்கடமை. மற்றொரு கடமையும் உண்டு. உள்ளே உள்ள நல்லவனை விடுத்தல் அது. முன்னதை நினைத்துப் பின்னதை மறந்ததனால் நேர்ந்த கொடுமையை நியூயார்க்கு நகரம் 1911-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் கண்டது.

அந்நகரில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகளில் டிரையாங்கிள் என்னும் ஆடைத் தொழிற்சாலை இயங்கி வந்தது. வேலை செய்தோருள் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த இளம்பெண்கள். அன்று சனிக்கிழமை. மாலை வேலை முடியும் நேரத்தில் எட்டாம் மாடியில் துணித் துண்டுகளில் தீப்பற்றியது. காற்றெனப் பரவிய தீ ஒன்பதாம் மாடியை வளைத்துக் கொண்டது. அம்மாடியிலிருந்து இறங்கும் படிக்கட்டுகளுள் ஒன்றின் கதவு பூட்டிக் கிடந்தது. தொழிலாளர் வெளியேறும்போது துணியைக் கவர்ந்து செல்லாதிருக்க, அனைவரும் ஒரே வாயில் வழியாகச் சென்று கைப்பையைத் திறந்து காட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதற்காகவே மற்றொரு கதவு பூட்டப்பட்டிருந்தது.

பூட்டிய கதவை நோக்கி ஓடியவர்கள் அங்கேயே சிக்கினர். சுவரின் வெளியே இருந்த இரும்புப் படிக்கட்டு கூட்டத்தின் சுமையால் முறிந்து வீழ்ந்தது. தீயணைப்போரின் ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. மின்தூக்கியை இயக்கியோர் தம் உயிரைப் பொருட்படுத்தாமல் பன்முறை ஏறி இறங்கிப் பலரைக் காத்தனர். அதுவும் நின்றபின், பலர் சாளரங்களிலிருந்து குதித்து வீதியில் மாண்டனர். இறந்தோர் தொகை 146. அவர்களுள் 123 பேர் பெண்கள். கட்டடமோ தீக்கு அஞ்சாத வகையில் கட்டப்பட்டது. அது பெருங்கேடின்றி நின்றது. உள்ளிருந்த மக்களே அழிந்தனர்.

பின்னர் வழக்கு நடந்தது. பூட்டு எதற்காக என்ற வினா எழுந்தது. களவைத் தடுப்பதற்கு எனின், களவு போன பொருளின் மதிப்பு எவ்வளவு என்று கேட்கப்பட்டது. அது இருபத்தைந்து டாலருக்கு மேற்படாது என்பதை உரிமையாளருள் ஒருவர் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். அவ்வேளையில் கதவு பூட்டியிருந்தது உரிமையாளருக்குத் தெரியும் என்பது ஐயமற மெய்ப்பிக்கப்படவில்லை என்று நடுவர் குழுவினர் அவர்களை விடுவித்தனர். சட்டம் விடுவித்த போதிலும் மக்களின் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. நியூயார்க்கு மாநிலம் அதே ஆண்டில் தொழிற்சாலை ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தது. தீத்தடுப்புக்கும் தொழிலாளர் நலத்திற்கும் புதிய சட்டங்கள் பல பிறந்தன. அத்தீயை வீதியில் நின்று நேரில் கண்ட பிரான்சிசு பெர்க்கின்சு என்னும் அம்மையார் தம் வாழ்நாளைத் தொழிலாளர் நலத்திற்கே ஈந்தார். 1933-இல் அமெரிக்க நாட்டின் தொழிலமைச்சரும் ஆனார்.

இத்தகைய துயரம் அதற்கு முன்னரும் நேர்ந்ததுண்டு. 1883-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாள் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் விக்டோரியா மண்டபத்தில் சிறுவர்க்கான காட்சி ஒன்று நடைபெற்றது. காட்சியின் முடிவில் பரிசு வழங்குவதைக் கண்ட சிறுவர், மாடியிலிருந்து படிவழியே விரைந்து இறங்கினர். கீழே இருந்த கதவு ஒருவர் மட்டும் நுழையத் தக்க இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. நெரிசலில் 183 சிறுவர் உயிர் நீத்தனர். அதன் பின்னர் இராபர்ட் பிரிக்சு என்பவர், உள்ளிருந்து தள்ளினாலே திறந்துகொள்ளும் தாழ் ஒன்றை அமைத்து 1892-இல் காப்புரிமை பெற்றார். 1903-ஆம் ஆண்டு திசம்பர் 30-ஆம் நாள் சிகாகோ நகரின் இரோக்குவா நாடக அரங்கில் தீப்பற்றி 602 பேர் மாண்டனர். அங்கும் வாயில்கள் பல திறக்க முடியாதிருந்தன. அந்நாடகத்திற்குச் செல்லவிருந்து, அலுவலால் செல்லாது தப்பிய கார்ல் பிரின்சுலர் என்னும் வணிகர், என்றி டிபிரீ என்னும் பொறியாளருடன் சேர்ந்து, கதவின் குறுக்கே அமையும் தள்ளுசட்டம் ஒன்றை உருவாக்கி 1908-இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். அதனை வெளியிலிருந்து திறக்கத் திறவுகோல் வேண்டும். உள்ளிருந்து திறக்க ஒரு குழந்தையின் உடல் வந்து மோதுதலே போதும். பூட்டின் இரு கடமைகளும் முரணானவை அல்ல, ஒரே கருவியில் இயைந்து நிற்கக் கூடியவை என்பதை இத்தாழ்கள் காட்டின.

இந்திய நாட்டில் 1948-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டமும் இவ்வுண்மையை ஏற்றது. அறையினுள் ஒருவரேனும் இருக்கும் வரை, உள்ளிருந்து எளிதாகவும் உடனடியாகவும் திறக்க இயலாத வகையில் வெளியேறும் கதவைப் பூட்டுதல் கூடாது என்றும், பக்கவாட்டில் நகரும் கதவுகள் நீங்கலாக ஏனையவை வெளிப்புறம் நோக்கித் திறக்குமாறு அமைதல் வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது.

இவ்வரலாற்றை உணர்ந்தவர் தொழிலகத்திற்குப் பூட்டுத் தேரும்போது ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று மூன்று வினாக்களைக் கேட்பர். இக்கதவுக்குப் பின்னால் இருப்பது யாது? இதனைத் திறக்க உரிமை உடையவர் யாவர்? உள்ளே மக்கள் இருக்கும்போது இடர் வந்தால் அவர்கள் எங்ஙனம் வெளியேறுவர்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் பூட்டு தானே தெரிந்துவிடும். பண்டம் வைக்கும் அறையில் ஆள் தங்குவதில்லை. ஆதலின் அங்கு வலிய லீவர் பூட்டும் சதுரத் தாழும் தக்கவை. பணப்பெட்டகத்திற்கு நேரப்பூட்டு உதவும். கணக்கேடுகள் உள்ள அறைக்கு, எளிதில் படியெடுக்க இயலாத திறவுகோலுடைய நேர்த்தியான முளைப்பூட்டு வேண்டும். பலர் கூடி வேலை செய்யும் கூடத்தின் கதவுக்கோ, வெளியே திறவுகோலும் உள்ளே தள்ளுசட்டமும் உடைய தாழே பொருத்தம். அக்கதவில் சங்கிலி கோத்துத் தொங்கு பூட்டு மாட்டுதல் எக்காரணம் கொண்டும் தகாது. களவுக்கு அஞ்சினால் கதவு திறந்தவுடன் ஒலிக்கும் மணி ஒன்றை அதில் பொருத்தலாம். மணி கள்வனைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் ஒருவரையும் சிறைப்படுத்தாது.

இக்காலத்தில் அட்டையாலும் எண்ணாலும் விரற்பதிவாலும் திறக்கும் மின்பூட்டுகள் பரவியுள்ளன. ஓர் அட்டை தொலைந்தால் பூட்டை மாற்றாமலே அவ்வட்டையை மட்டும் செல்லாததாக்கலாம். எவர் எப்போது நுழைந்தார் என்பதும் பதிவாகும். இவை பெரும் நன்மைகளே. எனினும் இங்கும் பழைய வினாவே புதிய உருவில் எழுகிறது. மின்சாரம் நின்றுவிட்டால் பூட்டு திறந்து கொள்ளுமா, மூடிக் கொள்ளுமா? இருவகையும் உண்டு. மூடிக் கொள்ளும் வகையாயினும், உள்ளிருப்பவர் மின்சாரத்தின் உதவியின்றிக் கைப்பிடியைத் திருகியே வெளியேற வழி இருத்தல் வேண்டும். இதனைக் கேட்டறியாமல் வாங்குவோர், புதுமையை வாங்குகின்றனரேயன்றிக் காவலை வாங்குவதில்லை.

பூட்டுத் தொழிலில் இந்தியாவுக்கும் நல்ல இடம் உண்டு. வடக்கே அலிகார் நகரம் பூட்டுக்குப் பேர் பெற்றது. பம்பாயில் அர்தேசிர் கோத்ரெச்சு 1897-இல் பூட்டுச் செய்யத் தொடங்கினார். தமிழகத்தில் திண்டுக்கல் என்றவுடன் நினைவுக்கு வருவது பூட்டு. மாங்கனி வடிவில் கைவினைஞர் கையாலேயே அமைக்கும் மாங்காய்ப் பூட்டு கோயில்களையும் கிடங்குகளையும் காத்து வந்துள்ளது. 2019-இல் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடும் பெற்றது. அரமும் சுத்தியலும் கொண்டு தகடு தகடாக அராவிப் பொருத்தும் அத்தொழிலாளியின் கைநேர்த்தியே, ஆபுசு தேடிக் கண்ட மயிரிழை வெளியை அடைப்பது.

பூட்டுத் தொழிலாளி தன் வேலையைச் செவ்வனே முடித்து விடுகிறான். அதனை எந்தக் கதவில், எந்த வேளையில், எவர் பொருட்டு மாட்டுவது என்பது வாங்குவோன் பொறுப்பு. மாலையில் கூடத்தைப் பூட்டுமுன் உள்ளே ஒருவரும் இல்லை என்று ஒருமுறை நோக்குபவன், பகலில் வெளியேறும் வழியில் தடையில்லை என்று ஒருமுறை தள்ளிப் பார்ப்பவன், ஆகிய இவனே காவலின் பொருளை உணர்ந்தவன். இழந்த பொருளை உழைத்து மீட்கலாம். 146 உயிர்களை இருபத்தைந்து டாலருக்கு ஈடு வைத்த அந்தக் கதவு, பூட்டைக் கையில் எடுப்போர் ஒவ்வொருவர் நினைவிலும் நிற்றல் வேண்டும்.